சுண்டெலி செய்த இரும்புத் தண்டு

ஜூன் 4, புதன்

காலையில் சாமி மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடினதுதான் தாமதம், பட்டறையில் டமார். சம்மட்டி பறந்திருக்கிறது. இந்த வீட்டில் சம்மட்டி தானாகப் பறக்காது, என் தம்பி கையிலிருந்துதான் பறக்கும். இன்றைக்குச் சுவரோடு போயிற்று. நல்லவேளை கடவுளே என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடினேன். ஜெபத்தை எந்த இடத்தில் விட்டேன் என்று மறந்துபோனது. முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். தம்பி மகள், இவன் அடியைத் தாங்காமல் அவள் அம்மா தாய்வீட்டோடு போனபிறகு நான் வந்து வளர்த்த பெண், டிராக்டருக்கு அடியில் எந்தச் சந்திலும் புகுந்துவிடுவதால் எனக்கு அவள் சுண்டெலி. அவள் புதுசாக ஒரு சாமான் செய்கிறாள். சின்ன டிராக்டருக்குப் பின்னால் மூன்று கை இருக்கும், கீழே இரண்டு, மேலே ஒன்று. கலப்பையோ களைக்கொத்தோ அதில் மாட்டித்தான் தூக்குவது, இறக்குவது. தம்பி இத்தனை வருஷமாக ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சட்டம் வெல்டிங் வைத்து விற்கிறான். உழ ஒன்று, மேடு கட்ட ஒன்று, களைக்கு ஒன்று. இவள் சொல்கிறாள், இத்தனை சட்டம் எதற்கு, ஒரே ஒரு சதுரத் தண்டு போதும். அதை மூன்று கையிலும் மாட்டிவிட்டு, எது தேவையோ அதைக் கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொள்ளலாம். செடி நெருக்கமா, கிளாம்பைத் தளர்த்தி இந்தப் பக்கம் நகர்த்து. அகலமா, அந்தப் பக்கம். அதற்குப் பேர் டூல்பாராம். எனக்கு அது தண்டு.

"இதை ஒருதரம் வாங்கிட்டுப் போறவன் அப்புறம் எதுக்குடி என் வாசலுக்கு வருவான்?" என்று கேட்டான் தம்பி.

"கலப்பைக் கொழு தேய்ஞ்சா வருவான். களைக்கொத்து வாங்க வருவான். வராம எங்க போவான்?"

அப்போதுதான் சம்மட்டி.

ஜூன் 6, வெள்ளி

கீரைக்காரர் வந்தார். காய்கறியும் கீரையும் போடுகிறவர், ஒரு குட்டி டிராக்டர் வைத்திருக்கிறார். வாய் சும்மா இருக்காத மனுஷன். எனக்குப் பிடித்தவர்.

"அக்கா, என் கொட்டகையில உங்க தம்பி சட்டமெல்லாம் கால நீட்டிப் படுத்திருக்கு. டிராக்டர் பாவம் வெளியில மழையில நிக்குது" என்றார்.

தம்பி முறைத்தான். சுண்டெலி அவரை வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போய் என்னமோ காதில் ஓதினாள். என்னமோ என்ன, எனக்குத் தெரியாதா? தண்டை அவர் வயலில்தான் ஓட்டிப் பார்க்கப் போகிறாள்.

ஜூன் 9, திங்கள்

முதல் ஓட்டம். நானும் போனேன். தண்டைத் தூக்கியதும் டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் எழும்பிவிட்டன. கீரைக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "அக்கா, நான் மேல போறேன், ஏதாவது சொல்லி அனுப்பணுமா?" என்கிறார்.

சுண்டெலி சிரிக்கவில்லை. மண்ணில் குந்தி உட்கார்ந்து விரலால் கோடு போட்டாள். "தண்ணி வாளிய உடம்போட ஒட்டித் தூக்கிப் பாரு அத்தை. அப்புறம் கைய நீட்டித் தூக்கிப் பாரு. ரொம்பப் பின்னாடி தொங்க விட்டுட்டேன். டயருக்கு நாலு விரல் தள்ளி, கிட்டக் கொண்டு வந்துடணும்."

அவ்வளவுதான். ஒரு தோல்வியும் முகத்தில் தெரியவில்லை. இது அவள் அப்பாவிடமிருந்து வந்ததில்லை. சத்தியமாக இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

எழுதிவிட்டுத்தான் விளக்கு ஏற்ற வேண்டும்.

மதியம் சாப்பிடக் கூப்பிடப் போனேன். பட்டறையில் கேஸ் கட்டர் சீறிக்கொண்டிருந்தது. சுண்டெலி என்று நினைத்தேன். அவள் போல்ட் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். தம்பி. தண்டைத் தரையில் கிடத்தி, மிதித்துக்கொண்டு, துண்டு துண்டாக அறுக்கிறான். பொறி பறக்கிறது. அவன் முகத்தில் கோபம்கூட இல்லை, விறகு பிளக்கிறவன் மாதிரி.

அவள் உள்ளே வந்தாள். போல்ட் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்தாள். கன்னத்தில் ஒன்று விட்டான். அவள் போய் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் மேல் விழுந்தாள். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்குகிறது. நான் வாளித் தண்ணீரைத் தூக்கி அவன் மேலேயே ஊற்றினேன். சூட்டு இரும்பில் பட்டுப் புஸ்ஸென்று ஆவி.

"நீ மனுஷனாடா?"

"ஒதுங்கு அக்கா. உன்னையும் சேத்து அறுத்துடுவேன்."

என்னைச் சொல்றான். என்னை! எங்கம்மா வயித்துல எனக்கப்புறம் பொறந்தவன், நான் இடுப்புல தூக்கித் திரிஞ்சவன், மூக்கு ஒழுகினா என் பாவாடையில துடைச்சவன். அறுப்பானாம். அறுடா. அறுத்துப் பாரு.

ஜூன் 16, திங்கள்

காலையில் அவன் கை அழுகிப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மாலையில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பாதியை.

ஜூன் 18, புதன்

என் பையைக் கட்டிக் கூடத்தில் வைத்தேன். "அவ தண்டு செய்யக்கூடாதுன்னா நானும் அவளும் இப்பவே கிளம்பறோம். சோத்த நீயே பொங்கு, துணிய நீயே துவை" என்றேன். தம்பி பையைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். சுடுதண்ணி வைக்கத் தெரியாத ஆள்.

"செய்யட்டும். வயல்ல போய்க் கிழியட்டும்" என்றான்.

சுண்டெலி புருவத்தில் தையலோடு மறுபடி இரும்பை அறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 27, வெள்ளி

இரண்டாவது தண்டு முடிந்தது. கடைசிப் பூச்சு என் வேலை. இந்தப் பட்டறையிலிருந்து விலைக்குப் போகிற எந்தச் சட்டமும் என் கையால் சிவப்பு பூசாமல் போனதில்லை. பூசும்போது வாய் ஜெபம் சொல்லும், கை தானாக ஓடும். தம்பி சட்டங்களுக்கே இரண்டு பூச்சு என்றால் என் பெண்ணுடைய தண்டுக்கு மூன்று பூசாமல் விடுவேனா? கிளாம்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்பக்கம், இடுக்கு, மூலை, ஒரு இடம் விடவில்லை. துரு நினைத்தாலும் நுழைய முடியாது.

ஜூன் 29, ஞாயிறு

நேற்று பூச்சு காய்ந்ததும் சுண்டெலி எல்லா நட்டையும் நீள ஸ்பேனரால் முறுக்கிவிட்டாள். முறுக்கும்போது ஸ்பேனரில் தொங்கினாள், கால் தரையில் படவில்லை.

இன்று விடிந்தும் விடியாமலும் பட்டறையைக் கூட்டப் போனேன். தம்பி தண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறான். கிளாம்ப் மேல் கையை வைத்து, மாட்டைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டு, "டீ போடலியா?" என்றான். எனக்கென்னமோ சரியாகப் படவில்லை.

ஜூலை 3, வியாழன்

இன்று கீரைக்காரர் வயலில் இரண்டாவது தண்டை ஓட்டினார்கள், நான் கூடப் போகவில்லை. சுண்டெலி சொன்னதை எழுதுகிறேன்.

முதலில் அழகாகப் போயிருக்கிறது. முன்சக்கரம் எழும்பவில்லை. களை வேரோடு வந்ததாம். கீரைக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினாராம். அப்புறம் ஓரத்தில் இருந்த களைக்கொத்து மெல்ல மெல்லத் தண்டின் மேல் நகர ஆரம்பித்திருக்கிறது. பின்னால் நடந்துகொண்டிருந்த இவள் நிறுத்துங்க நிறுத்துங்க என்று கத்துகிறாள், எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கொத்து நகர்ந்து நகர்ந்து டயருக்குப் பின்னால் வந்து, டயர் பல்லில் மாட்டி, டயர் அதைப் பிடுங்கி மேலே எறிந்துவிட்டது. அவர் முதுகில். அப்படியே ஸ்டியரிங் மேல் கவிழ்ந்தாராம். வாயில் ரத்தம். விலா எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னபிறகுதான் இவள் வீட்டுக்கு வந்தாள்.

வந்தாளா! ஸ்கூட்டரைப் போட்டது போட்டபடி, நீள ஸ்பேனர் கையில், சட்டையெல்லாம் அவர் ரத்தம்.

"அத்தை, தண்ட யாரு தொட்டா? நான் முறுக்கின முறுக்கு அதுல இல்ல. நட்டு விரலால திரும்புது."

"வேற யாரு, உங்கப்பன்தான்! ஞாயித்துக்கிழமை விடியக்காலம் ஸ்பேனரும் கையுமா நின்னான், என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றேன்.

தம்பி இரும்பு தேய்க்கிற கிரைண்டரை நிறுத்திவிட்டுத் திரும்பினான். "என்ன பாத்த? நான் தொடல. தொட்டேன், ஆனா கழட்டல. சாமி சத்தியமா கழட்டல."

சாமி பேர் அவன் வாயில் வந்து எத்தனை காலமோ. அதுவே எனக்குப் பொய் மாதிரி கேட்டது.

அவள் ஸ்பேனரை ஓங்கினாள். அவன் முகத்துக்குக் குறுக்கே கையைத் தூக்கினான். காய்ந்த குச்சியை முட்டியில் வைத்து ஒடிக்கிற சத்தம். கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பித் தொங்குகிறது. அவன் கத்தக்கூட இல்லை, கையையே பார்க்கிறான். மறுபடி ஓங்கினாள். நான்தான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். பிடித்தேனா? கொஞ்சம் தாமதமாகத்தான் பிடித்தேன்.

அப்புறம் உள்ளே போய் அவன் சட்டை, லுங்கி, தலையணை எல்லாவற்றையும் அள்ளித் தெருவில் வீசினேன். தெரு முழுக்க வாசலில் நின்றது. நிற்கட்டும்.

ஜூலை 4, வெள்ளி

அவள் அடித்தபோது என் மனசு "இன்னும் ஒண்ணு" என்றது. எழுதிவிட்டேன். இதை என்னைத் தவிரப் படிக்கிறவன் மேலே ஒருத்தன்தான், அவனுக்கு முன்னமே தெரியும்.

ஜூலை 12, சனி

தம்பி டயர் கடைக்காரர் வீட்டு மாடியில் மாவுக்கட்டோடு கிடக்கிறான். போலீசுக்குப் போகவில்லை. ஏணியிலிருந்து விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னானாம்.

வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது! கதவு சாத்தினால் கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்கிறது. ஒரு தட்டு கீழே விழுந்தது, இரண்டு பேரும் துள்ளி எழுந்தோம். அப்புறம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம்.

கீரைக்காரரைப் பார்த்துவிட்டு வந்தேன். "சிரிக்க வைக்காதீங்க அக்கா, எலும்பு குத்துது" என்கிறார். நான் ஒன்றுமே சொல்லவில்லை, அவரே சொல்லி அவரே சிரித்து அவரே ஐயோ என்கிறார். "தண்டு நல்ல தண்டு. உங்க தம்பி கைதான் கெட்ட கை" என்றார். அவர் சொல்லி இன்னும் ஆட்கள் தண்டு கேட்டு வருகிறார்கள். சுண்டெலி பாடிக்கொண்டே வெல்டிங் வைக்கிறாள்.

ஜூலை 16, புதன்

வயலிலிருந்து கொண்டுவந்து போட்ட தண்டைத் துடைக்கலாம் என்று கிளாம்பைக் கழற்றினேன்.

உள்பக்கம் என் சிவப்பு, பாலாடை சுருண்ட மாதிரி சுருண்டு உதிர்ந்து கிடக்கிறது. தண்டின் மேல் கொத்து வழுக்கிப் போன தடம். அந்தத் தடம் முழுக்க என் பூச்சு மெழுகு மாதிரி இழுபட்டிருக்கிறது. நீள ஸ்பேனரால் முறுக்கினாளே, அவள் இறுக்கினது இரும்பை இல்லை. என் மூன்று பூச்சை. அது நசுங்கி உதிர்ந்ததும் கிளாம்புக்குப் பிடி போயிற்று. நட்டு விரலால் திரும்பாமல் என்ன செய்யும்?

தம்பி சட்டமெல்லாம் வெல்டிங் வைத்து ஒட்டினது. எங்கே பூசினாலும் கெடுதல் இல்லை. அந்தப் பழக்கத்தில் இதற்கும்…

அப்புறம் அந்த ஸ்பேனர். கண்ணை மூடி அந்த விடியற்காலையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவன் கை தெரிகிறது. கையில் ஒன்றும் இல்லை. வெறும் கை. ஸ்பேனரை நான் பார்க்கவேயில்லை. வாய் சேத்துக்கிச்சு. என் வாய்.

ஜூலை 17, வியாழன்

சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஊரில் ஒரு விஷயம் என் வயிற்றில் தங்கினதாகச் சரித்திரம் இல்லை. கோழி முட்டையிட்டால் கோழிக்கு முன்னால் நான் கத்துவேன். இது மட்டும் தங்கியிருக்கிறது. ஏன்? சொன்னால் அவன் திரும்பி வருவான். அவன் வந்தால் சம்மட்டியும் வரும். என் பெண்ணின் இன்னொரு புருவம் பாக்கி இருக்கிறது.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். சுண்டெலி குளிக்கப் போகும்போதெல்லாம் நான் ஏற்கெனவே பூசி முடித்த புதுத் தண்டுகளில் கிளாம்ப் உட்கார்கிற இடத்தை உப்புத்தாள் போட்டுச் சுரண்டி வெறும் இரும்பாக்கி விடுகிறேன். தண்டும் பத்திரம், வீடும் அமைதி. கடவுளே, நீயும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள். இத்தனை நாள் அவன் அடித்தபோதெல்லாம் திரும்பிக்கொண்டுதானே இருந்தாய்?

என்ன வார்த்தை எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள். எழுதினதைக் கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே விடுகிறேன்.

ஜூலை 26, சனி

கரும்புக்காரர் வந்தார், தண்டு வாங்க. டிராக்டரையே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் பேத்தி பின்னால் டயர் மூடி மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. எங்கே போனாலும் அங்கேதான் உட்காருமாம், இறங்கு என்றால் அழுமாம். கீரைக்காரர் முதுகில் கொத்து வந்து விழுந்த இடத்துக்கு நேர் பக்கத்தில்.

"பூச்சு வேணாம், அப்படியே குடும்மா. என் டிராக்டர் நீலம். கிளாம்பு, தண்டு எல்லாத்துக்கும் நானே ரெண்டு கோட்டு தாராளமா நீலம் அடிச்சுக்கறேன்" என்றார்.

என்னால் எத்தனை வீட்டுக்குப் போய்ச் சுரண்ட முடியும்?

"தண்ட ஏத்தாதீங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"என்ன அத்தை?"

"அவன் கழட்டல. நான் பூசினேன்."

அவளுக்குப் புரியவில்லை. பழைய கிளாம்பைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தேன். நகத்தால் உள்பக்கத்தைக் கீறிப் பார்த்தாள். தண்டின் தடத்தைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"ஸ்பேனர்? கண்ணால பாத்தேன்னு சொன்னியே?"

"பாக்கலடி."

பெயிண்ட் டப்பாவை எடுத்து வீசினாள். என் காதை ஒட்டிப் போய்ச் சுவரில் மோதி வெடித்தது. தலை, கழுத்து, புடவை எல்லாம் சிவப்பு. அவள் அப்பன் கை. அதே வீச்சு. அது அவளுக்கும் தெரிந்தது போலிருக்கிறது, வீசின கையை மற்ற கையால் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை டயர் மேலிருந்து அழ ஆரம்பித்தது.

வெகுநேரம் கழித்து எழுந்தாள். கரும்புக்காரரிடம், "தண்டு இன்னைக்கு இல்லீங்க. ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்றாள். சாக்பீஸ் எடுத்துத் தண்டின் மேல் டயருக்கு நேரே இரண்டு கோடு போட்டாள். "இங்க ஒரு கட்டை வெல்டிங் வச்சுடறேன். கிளாம்பு பிடி விட்டாலும் கொத்து டயர்கிட்ட போகாது" என்று தனக்குத்தானே சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. "இது அன்னைக்கே தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வச்சிருப்பேன்."

பூச்சு தலைமுடியில் காய்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

இரண்டு பேரும் டயர் கடை மாடிக்குப் போனோம். தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தாடி நரைத்திருக்கிறது. அவள் உட்காரவில்லை.

"நீங்க கழட்டல. நான் தப்பா அடிச்சுட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். "அக்கா, ஸ்பேனர்?"

"இல்லடா."

"அன்னைக்கு விடியக்காலம் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? நல்லா செஞ்சிருக்காளேன்னு பாத்துட்டிருந்தேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை. புருவத்துத் தழும்பைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"அப்ப நான் வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்டான்.

"வாங்க, உங்க வீடு. நான்தான் இருக்க மாட்டேன். இத நீங்க செய்யலப்பா. மத்ததெல்லாம் நீங்க செஞ்சதுதான்."

படியிறங்கி வரும்போது என் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் கடைசிப் படி உடைந்திருக்கிறது, பார்த்து வா என்று சொன்னாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கீரைக்காரர் கொட்டகைதான் இப்போது பட்டறை. அவர் வைத்திருந்த தம்பி சட்டங்களையெல்லாம் வெளியே தள்ளி இடம் செய்துகொடுத்தார். "இப்ப சட்டம் மழையில, டிராக்டர் உள்ள. நியாயம்" என்றார். விலா இன்னும் வலிக்கிறது, சிரிப்பு நிற்கவில்லை. நான் போய் அவர் காலில் விழாத குறையாகச் சொன்னேன், பூசினது நான் என்று. "அதான் அவ்வளவு அழகா செவப்பா வந்து விழுந்துச்சா" என்கிறார். இந்த மனுஷனை என்ன செய்வது?

நான் சுண்டெலியோடு வந்துவிட்டேன். தம்பி வீட்டுக்குத் திரும்பிவிட்டான், இப்போதைக்கு அவனுக்கு ஒரு கைதான். விடியுமுன் மூன்று பேருக்கும் சேர்த்துச் சமைத்து, அவன் பங்கை அவன் வாசலில் வைத்துவிட்டு வருகிறேன். உள்ளே போவதில்லை.

பூச்சு வேலை மறுபடி எனக்கு. கிளாம்ப் உட்காரும் இடத்தில் சுண்டெலி முதலில் டேப் சுற்றித் தருகிறாள். டேப்புக்கு இந்தப் பக்கம் பூசு, அந்தப் பக்கம் பூசு, நடுவில் கை வைத்தால் கையை ஒடிப்பேன் என்றாள். பேச்சு வழக்கில் வருகிற வார்த்தைதான். இனிமேல் அதைச் சொல்ல முடியாது.

செப்டம்பர் 18, வியாழன்

மதியம் கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. தம்பி. மாவுக்கட்டு எடுத்துவிட்டார்கள். கை கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டியிருக்கிறது. உள்ளே வராமல் நின்றான்.

"தண்டு ஒண்ணு வேணும்."

சுண்டெலி நட்டு முறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். "யாருக்கு?"

"பட்டறைக்கு வந்து கேக்கறாங்க. சட்டம் யாரும் கேக்கறதில்ல."

அவள் இரண்டடி முன்னால் வந்தாள். அவன் ஓரடி பின்னால் போனான். தானாகப் போனான், வேண்டுமென்று இல்லை. கோணல் கை முகத்துக்கு நேரே பாதி தூரம் எழும்பிவிட்டது. கண் அவள் முகத்தில் இல்லை. அவள் கையில் இருந்த நீள ஸ்பேனரில். அவன் கைச் சம்மட்டியை இத்தனை வருஷம் நாங்கள் பார்த்தோமே, அதே பார்வை.

நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

ஸ்பேனரைத் தரையில் வைத்தாள். சத்தம் வராமல் குனிந்து வைத்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"பூச்சு காயலப்பா. நாளைக்கு வாங்க" என்றாள்.

"சரிம்மா" என்றான்.

அவன் போனபிறகும் அவள் ஸ்பேனரை எடுக்கவில்லை. நான் பூசி வைத்திருந்த தண்டிலிருந்து டேப்பை உரித்தேன். அடியில் இரும்பு வெள்ளையாக இருந்தது.